அவன் ரிங்டோன்... அவள் வைப்ரேஷன்!

இந்த வாரம் ஒரு சின்ன க்விஸ்ஸோடு ஆரம்பிப்போம். பரிசெல்லாம் கிடையாது மக்களே, பதில் மட்டும் சொன்னால் போதும்.

மழைக்காடு. கும்மிருட்டு. ஒரு மரத்து உச்சியில் ஒருத்தன் உட்கார்ந்து, 'நான் இங்கேதான் இருக்கேன்... இங்கேதான் இருக்கேன்...' என்று ஊருக்கே கேட்கிற மாதிரி பாடிக்கொண்டிருக்கிறான். பாட்டு பிடித்துப்போய் இன்னொரு மரத்திலிருந்து ஒருத்தி கிளம்பி வருகிறாள். அவள் பாடுவதில்லை, கத்துவதில்லை. கமுக்கமாக வருகிறாள். அதே காட்டில், அதே நேரத்தில், ஒரு வௌவால் பசியோடு அலைந்துகொண்டிருக்கிறது.

கேள்வி இதுதான். வௌவால் வாயில் அதிகமாக மாட்டுவது யார்? அவனா, அவளா?

"இதென்ன பாஸ் கேள்வி? அட்ரஸ் சொல்லிச் சொல்லிப் பாடுறானே, அவன்தான் மாட்டுவான்!" என்று நீங்கள் சொன்னால் வருத்தப்பட வேண்டாம். உலகத்தில் பூச்சி ஆராய்ச்சி செய்த முக்கால்வாசிப் பேர் ரொம்ப வருஷமாக அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். பதிலைக் கொஞ்சம் தள்ளிப் போடுவோம். முதலில் ஹீரோ, ஹீரோயின் அறிமுகம்.

வீட்டு மூலையில் ராத்திரி 'கிரீச் கிரீச்' என்று தூக்கத்தைக் கெடுக்கிறதே சுவர்க்கோழி, அதை எல்லோருக்கும் தெரியும். வயலில் தாவித் தாவிப் போகும் வெட்டுக்கிளியையும் தெரியும். இந்த ரெண்டு பேருக்கும் நடுவே, பார்க்க வெட்டுக்கிளி மாதிரியும் சொந்தத்தில் சுவர்க்கோழிக்குப் பக்கத்து வீடாகவும் ஒரு கூட்டம் இருக்கிறது. இங்கிலாந்துக்காரர்கள் புஷ் கிரிக்கெட் என்கிறார்கள், அமெரிக்காவில் கேட்டிடிட். (பேட், பால் சம்பந்தமில்லை. கனவு காணாதீர்கள்.) உலகம் முழுக்க 8,000-க்கும் மேற்பட்ட இனங்கள். அடையாளம் கண்டுபிடிப்பது ரொம்ப ஈஸி. மீசையைப் பாருங்கள். வெட்டுக்கிளியின் மீசை குட்டையாக, தடியாக இருக்கும். இவர்களுடையது நூல் மாதிரி மெலிசாக, பெரும்பாலும் உடம்பைவிட நீளமாக இருக்கும். பெண்ணுக்குப் பின்பக்கம் கத்தி மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். பயப்பட வேண்டாம், அது முட்டை வைக்கிற கருவி.

நம் கதையின் நாயகர்கள் இந்தக் கூட்டத்தில் ஓர் இனம். முழுப் பெயர் ஓனோமார்க்கஸ் யூனிநோட்டேட்டஸ். ஹால் டிக்கெட்டில் எழுதினால் ரெண்டு வரி பிடிக்கும். 1838-ல் செர்வில் என்ற பிரெஞ்சுக்காரர் வைத்த பெயர். யூனிநோட்டேட்டஸ் என்றால் ஒற்றைக் குறி உள்ளது என்று அர்த்தம். ஆகவே நம்ம வசதிக்கு இந்தப் பூச்சிக்கு 'ஒத்தப்பொட்டு' என்று பெயர் வைத்துவிடுவோம். நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும், தென்கிழக்கு ஆசியாவிலும் இருக்கிறது. பச்சை நிறம். சிறகை மடக்கி உட்கார்ந்தால் இலைக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது. மரத்து உச்சிதான் ஜாகை. அதிலும் பலா குடும்பத்து மரங்கள்தான் இஷ்டம். நம்ம பண்ருட்டிக்காரர்கள் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த இனத்தைப் பற்றி நமக்குத் தெரிந்த பல சுவாரஸ்யமான சங்கதிகள் கர்நாடகத்தின் குதிரேமுக் காடுகளிலிருந்து வந்தவை. குதிரை முகம் மாதிரி ஒரு மலை இருப்பதால் அந்தப் பெயர். 1987-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம். அங்கே நடந்துகொண்டிருந்த இரும்புத் தாதுச் சுரங்கம், சுப்ரீம் கோர்ட் உத்தரவால் 2005-ம் வருஷக் கடைசியோடு நின்றது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சூழலியல் அறிவியல் மையம் என்று ஒன்று உண்டு. அங்கே பேராசிரியர் ரோகிணி பாலகிருஷ்ணனும் அவருடைய மாணவர்களும் வருஷக்கணக்கில் இந்தக் காடுகளில் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து பூச்சிப் பாட்டு கேட்டிருக்கிறார்கள். 'பிஎச்.டி. பண்றேன்' என்று சொன்னால் 'லேப்ல ஏ.சி. உண்டா?' என்று கேட்கும் சொந்தக்காரர்களுக்கு இது புரிய வைப்பது கஷ்டம்.

அந்தக் குழு கண்டுபிடித்ததில் ஒரு சாம்பிள். மெக்கோபோடா என்று இன்னொரு வகை புஷ் கிரிக்கெட் தென்னிந்தியாவில் இருக்கிறது. பார்க்க எல்லாம் ஒரே அச்சு. அளந்து பார்த்தாலும் பிரிக்க முடியாது. ஆனால் பாட்டைக் கேட்டால் ஐந்து விதம்! 2006-ல் வெளியான ஆய்வில் அந்த ஐந்துக்கும் வைத்த செல்லப் பெயர்களில் ரெண்டு என்ன தெரியுமா? 'ட்ரெயின்', 'ஹெலிகாப்டர்'. சத்தியமாக ஆராய்ச்சிக் கட்டுரையில் இருக்கிறது. கண்ணால் பார்த்து ஒன்று என்று நினைத்ததைக் காது ஐந்தாகப் பிரித்தது.

சரி, இவர்கள் எப்படிப் பாடுகிறார்கள்? தொண்டை கிடையாது, வாய்க்கும் பாட்டுக்கும் சம்பந்தமே இல்லை. ஆணின் இடது முன்சிறகின் அடியில் அரம் மாதிரி பல் பல்லாக ஒரு நரம்பு. வலது சிறகின் ஓரம் கூர்மையானது. ரெண்டையும் உரசினால் பாட்டு. சீப்பின் பல்லை நகத்தால் இழுத்தால் 'டர்ர்ர்' என்று வருமே, அதே டெக்னிக். காது எங்கே என்று தேடாதீர்கள். முன்னங்கால்களில், முட்டிக்குக் கொஞ்சம் கீழே இருக்கிறது. காலில் ஒரு காது, ஒவ்வொரு காதுக்கும் ரெண்டு செவிப்பறை. ஒத்தப்பொட்டின் அந்த ரெண்டு செவிப்பறைகளும் ஒரே மாதிரி அல்ல, வெவ்வேறு விதமாக ட்யூன் ஆகியிருக்கின்றன என்பதை இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து செய்த 2013 ஆய்வு காட்டியது.

இந்தக் குடும்பத்தில் பலருடைய பாட்டு நம் காதுக்கு எட்டாது. மனுஷக் காதின் லிமிட் 20 கிலோஹெர்ட்ஸ். தென் அமெரிக்கக் காடுகளில் 150 கிலோஹெர்ட்ஸில் பாடுகிற புஷ் கிரிக்கெட்டை 2014-ல் அறிவித்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்து பாடினாலும் நமக்கு நிசப்தம்தான். நம்ம ஒத்தப்பொட்டு நேர் எதிர். வெறும் 3.2 கிலோஹெர்ட்ஸ். இந்தக் குடும்பத்துக்கு இது அடிமட்ட ஸ்ருதி. பழைய லேண்ட்லைன் ஃபோன் 300-லிருந்து 3,400 ஹெர்ட்ஸ் வரை கடத்தும். ஆக, ஒத்தப்பொட்டின் பாட்டை ஃபோனிலேயே கேட்கலாம்! ஸ்ருதி குறைந்தால் சத்தம் இலை தழைகளில் சிதறாமல் தூரம் போகும். அடர்ந்த காட்டில் இது நல்ல வசதி. சீனாவில் கிடைத்த, சுமார் 16.5 கோடி வருஷப் பழசான ஒரு பூச்சியின் சிறகுப் படிமத்தை வைத்து அதன் பாட்டை 2012-ல் கணக்கிட்டார்கள். 6.4 கிலோஹெர்ட்ஸ் என்று வந்தது. டைனோசர் காலத்துப் பாடகரைவிட நம்ம ஆள் சரிபாதி ஸ்ருதி கீழே!

ஆனால் தூரம் கேட்கிற பாட்டு, வேண்டாதவர் காதிலும் விழுமே? இங்கேதான் நம்ம க்விஸ் திரும்ப வருகிறது.

பாடியே செத்தவர்களின் பட்டியல் பெரிசு. 1975-ல் அமெரிக்காவின் டெக்ஸாஸில் வில்லியம் கேட் என்பவர் ஒரு ஈயைப் பற்றி எழுதினார். அது சுவர்க்கோழியின் பாட்டைக் கேட்டே தேடி வந்து, அதன் மேல் தன் புழுக்களை விட்டுவிட்டுப் போய்விடும். புழு உள்ளே புகுந்து பாடகரைத் தின்றே வளரும். 1981-ல் பனாமாவில் மெர்லின் டட்டில், மைக்கேல் ரயன் என்ற ரெண்டு பேர், தவளையின் காதல் குரலைக் கேட்டு வந்து அமுக்கும் வௌவாலைக் காட்டினார்கள். ஹவாய் தீவுகளில் ஒன்றான கவாயில் நடந்தது இன்னும் சோகம். அந்தக் கொலைகார ஈக்குப் பயந்தது போல, அங்கே சுவர்க்கோழி ஆண்களின் சிறகே மாறிவிட்டது. அரம் இல்லாத தட்டைச் சிறகு. இருபது தலைமுறைக்குள் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஊமை. 2006-ல் மார்லின் ஸக் குழுவினர் இதைச் சொன்னபோது உலகமே வியந்தது.

இத்தனைக்கும் பிறகு, 'பாடுகிறவனுக்குத்தான் ஆபத்து' என்பது கிட்டத்தட்ட பாடப்புத்தக வாக்கியமாகிவிட்டது. ஆண் உயிரைப் பணயம் வைத்துப் பாடுகிறான், பெண் சேஃபாக வந்து செலக்ட் பண்ணுகிறாள். தமிழ் சினிமா டூயட் மாதிரி ஒரு கணக்கு.

இந்தக் கணக்கைச் சரிபார்க்க ஒரு கொலைகாரர் கிடைத்தார். மெகாடெர்மா ஸ்பாஸ்மா. சின்ன வௌவால், ஆனால் காது மட்டும் ரொம்பப் பெரிசு. 'பொய் ரத்தக்காட்டேரி வௌவால்' என்று ஆங்கிலத்தில் ஒரு கெட்ட பெயர் உண்டு. பாவம், ரத்தமெல்லாம் குடிக்காது. பூச்சிதான் பிரதானச் சாப்பாடு. அதற்கு ஒரு பழக்கம். பிடித்த பூச்சியைத் தன் இடத்துக்குத் தூக்கி வந்து, தலைகீழாகத் தொங்கிக்கொண்டு நிதானமாகச் சாப்பிடும். சதைதான் வேண்டும், சிறகு வேண்டாம். மெஸ்ஸில் கறிவேப்பிலையை ஒதுக்குகிற மாதிரி பிய்த்துக் கீழே போட்டுவிடும்.

ஆராய்ச்சியாளர்கள் செய்ததெல்லாம், வௌவால் தொங்குகிற இடத்துக்குக் கீழே விழுந்த சிறகுகளைப் பொறுக்கியதுதான். துப்பறியும் நாவலில் வருகிற தடயம் மாதிரி. பாடுகிற கருவி சிறகில் இருந்தால் செத்தவன் ஆண். இல்லாவிட்டால் பெண். எண்ணிப் பார்த்தார்கள்.

பெண் சிறகுகள்தான் மிக அதிகம்.

2015-ல் இந்த ஆய்வு வெளிவந்தது. சத்தம் போடாத பெண் புஷ் கிரிக்கெட்டுகள்தான், பாடுகிற ஆண்களைவிட இந்த வௌவாலிடம் அதிகம் சாகின்றன. எண்ணியதோடு விடவில்லை. வௌவால் முன்னால் ஆணின் பாட்டையும், பறக்கிற புஷ் கிரிக்கெட்டையும் வைத்துச் சோதித்தும் பார்த்தார்கள். பாட்டுக்கு வௌவால் வராமல் இல்லை. ஆனால் பறக்கிற பூச்சியிடம்தான் அதிகம் வந்தது.

யோசித்துப் பார்த்தால் இதில் மர்மம் ஒன்றுமில்லை. பாடுகிறவன் இலைகளுக்கு நடுவே, இலை மாதிரியே, அசையாமல் உட்கார்ந்திருக்கிறான். ஆபத்து என்றால் பாட்டை நிறுத்தினால் போதும், விலாசம் அழிந்துவிடும். அவள் நிலைமை அப்படியா? ஒரு பலா மரத்திலிருந்து இன்னொரு பலா மரத்துக்குப் போக வேண்டும் என்றால் நடுவே இருப்பது வெறும் ஆகாயம். சிறகடிக்கும்போது ஒளிய இடமில்லை. வௌவாலின் எதிரொலி ரேடாரில் பட்டென்று தெரிவாள். பாதி வழியில் 'நான் இல்லை' என்று மறைய முடியாது. அவன் சத்தம் போடுகிறான், ஆனால் இடத்தைவிட்டு நகரவில்லை. அவள் சத்தம் போடவில்லை, ஆனால் அந்தத் தூரத்தைக் கடக்கிறவள் அவள்தான்.

சேதாரமும் சின்னதல்ல. அவள் செத்தால், அவள் வைக்க வேண்டிய அத்தனை முட்டைகளும் சேர்ந்தே போய்விடும்.

இப்போது ஒரு ட்விஸ்ட். இதே 2015-ல், இதே இந்திய அறிவியல் கழகத்தில், ஒத்தப்பொட்டைப் பற்றி இன்னொரு ஆய்வு. காவேரி ராஜாராமன் முன்னின்று செய்தது. ஆணின் பாட்டைப் பதிவு செய்து பெண்ணுக்குப் போட்டுக் காட்டினார்கள். மற்ற இனங்களில் என்றால் பெண் உடனே பாட்டு வந்த திசையில் நடையைக் கட்டும். ஒத்தப்பொட்டுப் பெண் முதலில் அப்படிச் செய்யவில்லை. நின்ற இடத்திலேயே நின்று உடம்பைக் குலுக்கினாள். அவன் ஒரு சுரம் பாடி முடிக்க, இவள் ஒரு குலுக்கல். அவன் அடுத்த சுரம், இவள் அடுத்த குலுக்கல்.

குளிரா? பயமா? இல்லை. உடம்பு குலுங்கினால் அவள் நிற்கிற கிளையும் அதிரும். மேஜை மேல் வைப்ரேட்டரில் போட்டு வைத்த செல்போனை யோசித்துப் பாருங்கள். மணி அடிப்பதில்லை, ஆனால் கால் வந்தால் பக்கத்தில் இருக்கிற பேனாவும் காபி டம்ளரும் நடுங்கும். மேஜையில் கை வைத்திருப்பவருக்குச் செய்தி போய்ச் சேரும். அடுத்த அறையில் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. அதேதான் இங்கேயும். காற்றில் சத்தம் இல்லை, கிளையில் மட்டும் நடுக்கம்.

கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத இந்த நடுக்கத்தை எப்படி அளப்பது? இங்கேதான் இன்ஜினீயரிங் பசங்க காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். பொறியியல் பேராசிரியர் ருத்ர பிரதாப்பின் குழு கைகொடுத்தது. லேசர் வைப்ரோமீட்டர் என்ற கருவியால் தொடாமலே அதிர்வை அளந்தார்கள். அவன் பாட்டும் அவள் அதிர்வும் ஒன்றன் மேல் ஒன்று விழாமல், தாளம் தப்பாமல், மாறி மாறி வருவது பளிச்சென்று தெரிந்தது. அதாவது டூயட்! அவன் வரி காற்றில், அவள் வரி கிளையில். ஒருவர் ஒலியாலும் மற்றவர் அதிர்வாலும் பாடுகிற டூயட் விலங்குலகில் அறிவிக்கப்பட்டது அதுதான் முதல் முறை.

அடுத்தது இதைவிட அழகு. அந்த அதிர்வைப் பிடித்துக்கொண்டு ஆணால் அவளிடம் போய்ச் சேர முடியுமா என்று சோதித்தார்கள். முடிந்தது. ஆனால் ஒரு நிபந்தனை. பாட்டும் அதிர்வும் சேர்ந்து வந்தால்தான் அவன் இடத்தைக் கண்டுபிடித்தான். ஒன்று குறைந்தாலும் முடியவில்லை. காரணம் என்னவாக இருக்கும்? காட்டில் கிளை அதிர ஆயிரம் காரணம் உண்டு. காற்று, மழை, ஒரு பல்லி. 'என் பாட்டுக்குப் பதிலாக வந்த அதிர்வா?' என்பது தெரிந்தால்தான் நகர்வதில் அர்த்தம் உண்டு. ராங் நம்பருக்கெல்லாம் கிளம்பிப் போனால் உயிர் மிஞ்சாது.

ஆக, அவன் ரிங்டோன், அவள் வைப்ரேஷன். அவன் கூப்பிடுகிறான், அவள் 'இங்கே இருக்கேன்' என்று சத்தமில்லாமல் சொல்கிறாள், இப்போது நடக்க வேண்டியவன் அவன்!

ஏன் இப்படி ஓர் ஏற்பாடு வந்தது? ஆய்வாளர்கள் ஒரு யூகம் சொல்கிறார்கள். தேடிப்போகிற பெண்களை வௌவால் அதிகம் தின்றதால், துணையைத் தேடும் ஆபத்தில் ஒரு பங்கு ஆண் தலைக்கு மாறியிருக்கலாம். யூகம்தான், நிரூபணம் அல்ல. ஆனால் கணக்கு உதைக்கவில்லை. ஒரு விஷயத்தையும் மறக்கக் கூடாது. அதிர்வு கிளை வழியாகத்தான் போகும், ஆகாயத்தைத் தாண்டாது. அவள் வேறு மரத்தில் இருந்தால் குலுக்கிப் பிரயோஜனமில்லை, பறந்துதான் ஆக வேண்டும். ஆபத்து தீர்ந்துவிடவில்லை. கடைசித் தூரத்தில் மட்டும் பங்கு போடப்பட்டிருக்கிறது. பொதுவாகவே புஷ் கிரிக்கெட் குடும்பத்தில் சம்பந்தம் முடிந்ததும் மாப்பிள்ளைதான் பெண்ணுக்குச் சீர் தர வேண்டும். விந்தோடு சேர்த்து ஒரு சத்துணவு உருண்டை. அதை அவள் சாப்பிடுவாள். வரதட்சணை வாங்குகிற நம்ம மாப்பிள்ளைகள் இந்த வரியை ரெண்டு தடவை படிக்கலாம்.

பூச்சியைக் காட்டி மனுஷனுக்குப் பாடம் நடத்துவதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. தேனீயைப் பார்த்து உழைப்பு, எறும்பைப் பார்த்து சேமிப்பு என்று ஸ்கூல் அசெம்பிளியில் கேட்டது போதும். பெண் சிலந்தி ஆணைத் தின்கிறது என்பதற்காக யாரும் அதைக் கடைப்பிடிப்பதில்லையே. ஒத்தப்பொட்டு நமக்காக எதையும் செய்யவில்லை. அது தன் முட்டைக்காகச் செய்கிறது.

ஆனால் இந்தக் கதையில் பூச்சியைவிட மனுஷன் நடந்துகொண்ட விதம்தான் என்னை யோசிக்க வைத்தது. இத்தனை வருஷம் விஞ்ஞானிகள் ஏன் பாடுகிறவனின் ஆபத்தையே எண்ணிக்கொண்டிருந்தார்கள்? அவர்கள் மோசமானவர்கள் இல்லை. பாடுகிறவனைக் கண்டுபிடிப்பது சுலபம். சத்தத்தைத் தொடர்ந்து போனால் ஆள் இருப்பான். பதிவு செய்யலாம், ஸ்பீக்கரில் போடலாம், சோதனை செய்யலாம். சத்தம் போடாதவளை இருட்டில் எங்கே தேடுவது? அவள் உயிரோடு இருந்ததற்கும் பதிவில்லை, செத்ததற்கும் பதிவில்லை. யாரோ குனிந்து, வௌவால் எச்சத்துக்கு நடுவே சிறகைப் பொறுக்கி ஒன்று, ரெண்டு என்று எண்ணியபோதுதான் அவள் கணக்கில் வந்தாள்.

நம்ம காலேஜிலும் இது நடக்கிறதா இல்லையா, நீங்களே சொல்லுங்கள். கல்ச்சுரல்ஸ் ராத்திரி. மேடையில் ஒருத்தன் கிட்டாரோடு பாடுகிறான். 'என்ன தைரியம்டா மச்சி, இத்தனை பேர் முன்னாடி!' என்கிறோம். தைரியம்தான், இல்லையென்று சொல்லவில்லை. அந்தப் பாட்டை ரசித்துக் கைதட்டிவிட்டு, நிகழ்ச்சி முடிந்து, லைட் எரியாத ரோட்டில் பஸ் ஸ்டாப்புக்கோ ஹாஸ்டலுக்கோ தனியாக நடந்துபோகிற பெண்ணின் தைரியத்தை எந்த வால்யூமில் அளக்கிறோம்? அவள் வாட்ஸ்அப்பில் 'ரீச்டு' என்று போடும் ஒரு வார்த்தைக்கு ரூம்மேட் முழித்திருக்கிறாள். அதற்குக் கைதட்டல் கிடையாது. 'பொண்ணுங்க ஏன் எட்டு மணிக்கு மேல வெளிய போகணும்?' என்று கேட்பதோடு நம் கணக்கு முடிந்துவிடுகிறது. அந்த ரோட்டில் எத்தனை லைட் எரியவில்லை என்று எண்ணினோமா?

எண்ணுவதுதான் விஷயம். பெண் புஷ் கிரிக்கெட்டுக்கு ஆபத்து அதிகம் என்பது யாரோ கருணையால் சொன்ன வாக்கியம் அல்ல. சிறகை எண்ணிச் சொன்னது.

சரி, சீரியஸ் ஆகிவிட்டோம். ஹோம்வொர்க்கோடு முடிப்போம்.

குதிரேமுக் ஆய்வுக் குழு 2007-ல் இன்னொரு விஷயமும் சொன்னது. காட்டில் எத்தனை வகைச் சுவர்க்கோழி, புஷ் கிரிக்கெட் இருக்கின்றன என்று தெரிந்துகொள்ள எல்லாவற்றையும் பிடித்துக் கொல்ல வேண்டியதில்லை. பழகிய மனுஷக் காது போதும். இன்னார் பாட்டு இது என்று பயிற்சி எடுத்த ஒருவர், நின்று கேட்டே பட்டியல் போட்டுவிடலாம், நம்பகமாகவும் இருக்கும் என்று சோதித்துக் காட்டினார்கள். காசு செலவில்லாத கருவி, எல்லோர் தலையிலும் ரெண்டு இருக்கிறது. நமக்குக் காலில் இல்லை, அவ்வளவுதான்.

இந்த வாரம் ஒரு நாள், மழை விட்ட சாயங்காலம், உங்கள் காலேஜ் கிரவுண்டின் ஓரத்திலோ வீட்டு மொட்டை மாடியிலோ பத்து நிமிஷம் நில்லுங்கள். ஹெட்போனைக் கழற்றிவிடுங்கள். கேட்கிற பூச்சிச் சத்தங்களைத் தனித்தனியாகப் பிரித்து எண்ணுங்கள். தரையிலிருந்து வருவது ஒன்று, புதரிலிருந்து ஒன்று, மரத்து மேலிருந்து ஒன்று. விட்டு விட்டு வருவது, இழுத்து வருவது, ஹெலிகாப்டர் மாதிரி சுற்றுவது. பெயர் தெரியாவிட்டால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். விஞ்ஞானிகளே வைத்திருக்கிறார்கள், நமக்கென்ன? முதல் நாள் எல்லாம் ஒரே இரைச்சலாகத்தான் இருக்கும். மூணாவது நாள் பிரியும்.

எண்ணி முடித்ததும் அந்த எண்ணிக்கைக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் கேட்ட பாட்டெல்லாம் கிட்டத்தட்ட ஆண்களுடையது. அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டு, சத்தமில்லாமல், அதே இருட்டில் கிளம்பிக்கொண்டிருப்பவர்கள் உங்கள் கணக்கில் இன்னும் வரவில்லை.

எத்தனை பாட்டு பிரிந்தது என்று எழுதுங்கள். அடுத்த வாரம் பார்ப்போம்!